அவர்கள் சாப்பிடாத சோறு

சனிக்கிழமை மதியம் மந்தைவெளிப் பக்கம் ஒரு சர்ச்சில் சோறு போடுகிறார்கள் என்று என்னிடம் முதலில் சொன்னவர் ஒரு ரிக்‌ஷாக்காரர். தான் அங்கே போவதில்லை என்பதையும் சேர்த்தே சொன்னார். ஏன் என்று கேட்டேன்.

"சும்மா எவன் நைனா சோறு போடுவான்? உள்ள எதுனா இருக்கும்" என்றார்.

எது இருக்கும் என்று அவருக்கும் தெரியவில்லை. நான் போனேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, லாரியில் கிளீனர், ஓட்டலில் மேசை துடைப்பு, ஆந்திராவில் கல் குவாரி என்று சுற்றிவிட்டு அப்போது சென்னையில் ஒதுங்கியிருந்தேன். இலவசச் சோறு எனக்குப் புதிதல்ல. கோயிலில் சாப்பிட்டிருக்கிறேன், தர்காவில் சாப்பிட்டிருக்கிறேன், கல்யாண மண்டபங்களின் பின்வாசலில் சாப்பிட்டிருக்கிறேன். எங்கே போனாலும் வெளியே போக இன்னொரு வழி இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன். இந்தச் சர்ச்சில் ஒரே ஒரு கேட்தான் இருந்தது. அதை நான் உள்ளே வந்ததும் சாத்தினார்கள். தெருநாய் வருகிறது என்று காரணம் சொன்னார்கள்.

சர்ச்சுக்குப் பின்னால் தகரக் கொட்டகை. சிமெண்டுத் தரையில் எதிரெதிராக வரிசை போட்டு உட்கார வைத்தார்கள். தையல் இலை. சோறு போடுவதற்கு முன் ஜெபம். வெள்ளை மீசை வைத்த ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு நீளமாக ஜெபித்தார். துறைமுகத்தில் அதிகாரியாக இருந்து ரிடையர் ஆனவர் என்று பின்னால் தெரிந்தது. சபைக்காரர்கள் எல்லோரும் கண்ணை மூடியிருந்தார்கள். உட்கார்ந்திருந்த நாங்கள் ஒருவர்கூட மூடவில்லை. எதிர் வரிசைக்காரனும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, அவரவர் பையின் மேல் ஒரு கையை வைத்திருந்தோம்.

சோறு விநோதமாக இருந்தது. ஒரே பிடியில் குழைந்த பருக்கையும் இருந்தது, நறுக்கென்று பல்லில் கடிபடும் பருக்கையும் இருந்தது. வெள்ளையாகக் கொஞ்சம், பழுப்பாகக் கொஞ்சம், இடையில் ரேஷன் அரிசியின் வாடை. சாம்பாரில் உப்பே இல்லை. அடுத்த வாரம் போனபோது வாயில் வைக்க முடியாத உப்பு. பக்கத்தில் இருந்தவர், கோட்டூர்புரத்தில் குப்பை பொறுக்குகிறவர், இலையைப் பார்த்தபடியே சொன்னார்: "கோடவுன் தரைய கூட்டி அள்ளுன அரிசி இது. அதுல மருந்து கலக்குறாங்க. அதான் உப்ப ஏத்தி எறக்குறாங்க."

"இன்னா மருந்து?"

"தெரிஞ்சா நான் ஏன் இங்க குந்திகினு துன்றேன்?"

ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். ஞானஸ்நானம் கொடுத்துவிடுவார்கள் என்றார் ஒருவர். குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்கு ஆள் சேர்க்கிறார்கள் என்றார் இன்னொருவர். அந்த நாட்களில் இந்த ஊரில் அதிகம் நடமாடிய பேச்சு கிட்னித் திருட்டு. ஏழைக்கு யாராவது வலிய வந்து டீ வாங்கிக் கொடுத்தால்கூட, குடித்துவிட்டு இடுப்பைத் தடவிப் பார்த்துக்கொள்வார்கள். இப்படிப் பேசியபடியே எல்லோரும் இரண்டாம் முறை சோறு வாங்கினார்கள். நானும்தான்.

அந்தச் சோற்றின் கதை ஒரு சனிக்கிழமை பாத்திரம் தூக்கப் போனபோது தெரிந்தது. சபையில் ஒவ்வொரு வீட்டிலும் உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துத் தனியாக ஒரு டப்பாவில் போட்டு வைப்பார்களாம். ஞாயிற்றுக்கிழமை அதைக் கொண்டுவந்து சர்ச் வாசலில் இருக்கும் நீல டிரம்மில் கொட்டுவார்கள். பொன்னி சாப்பிடும் வீட்டு அரிசியும், ரேஷன் வாங்கும் வீட்டு அரிசியும், பச்சரிசியும், புழுங்கலும் எல்லாம் அந்த ஒரே டிரம்மில் விழும். பிரித்துப் பொங்கினால் என்ன என்று கேட்டேன். சமையலைப் பார்த்துக்கொண்டிருந்த டீச்சரம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து மயிலாப்பூரில் வருஷக்கணக்காகப் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவர். பேச்சு மட்டும் ஊர்ப் பேச்சாகவே இருந்தது.

"ஆண்டவருக்குக் கொடுத்த அரிசில இது ஒசத்தி, இது மட்டம்னு எப்படிப் பிரிக்கது? எல்லாம் ஒண்ணுதான்" என்றார். பிறகு, "நீ ஏன் இதெல்லாம் கேக்க?" என்றார்.

அவர்களுக்கும் எங்கள்மேல் சந்தேகம் இருந்தது. பார்சல் கிடையாது, உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும். முன்பு பார்சல் கொடுத்தார்களாம். யாரோ அதைச் சாராயக் கடை வாசலில் விற்பதை மீசைக்காரர் தன் கண்ணால் பார்த்தாராம். அன்றிலிருந்து கேட்டில் நின்று, வெளியே போகிறவர்களின் பையைக் கண்ணாலேயே சோதிப்பார்.

அந்தப் பார்சல் சட்டம்தான் எனக்குத் தலைவலியாக வந்தது.

அப்போது நான் தி. நகரில் ஜவுளிக்கடைகளுக்குப் பேல் அடிக்கும் வேலையில் இருந்தேன். கோடவுனிலிருந்து துணி மூட்டைகளை மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் ஏற்றிக் கடைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. வண்டிக்கு இரண்டு பேர். மிதிப்பவர் என்னைவிட மூத்தவர், சென்னையிலேயே பிறந்து வளர்ந்தவர். நான் அவரை அண்ணே என்பேன். பின்னால் தள்ளுவது நான். ரங்கநாதன் தெருவுக்குள் அவர் வண்டியை வளைத்து ஓட்டுவதைப் பார்த்து, கூட்டத்தில் வருகிறவர்கள் திட்ட மறந்து நிற்பார்கள். ஒரு நாள் இறக்கும்போது பேல் நழுவி அவருடைய வலது பாதத்தின் மேல் விழுந்தது. வண்டிக்குச் சொந்தக்காரன் இரண்டு நாள் பொறுத்தான். பிறகு வண்டியை வேறு ஆட்களிடம் கொடுத்துவிட்டான். எனக்கு உதிரி வேலை கிடைத்தது. அவருக்கு எதுவும் இல்லை.

மந்தைவெளியை ஒட்டி ஓடும் கால்வாய்க்கு மேல் அப்போது பறக்கும் ரயிலுக்காகத் தூண்கள் எழுப்பிக்கொண்டிருந்தார்கள். அவற்றில் ஒன்றின் அடியில்தான் நாங்கள் படுத்தோம். புண் சீழ் வைத்தது. இரண்டு விரல்களுக்கு நடுவில் கறுத்தது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். கல்லை எடுத்து என்மேல் எறிந்தார்.

அவருடைய இடுப்பில் விலாவுக்குக் கீழே நீளமான தழும்பு ஒன்று இருந்தது. அதைப் பற்றி அவர் ஒரே ஒரு முறைதான் சொன்னார். கோடம்பாக்கத்தில் ஸ்டூடியோ வாசலில் சினிமா செட்டு வேலைக்கு ஆள் எடுப்பார்களா என்று நின்றிருந்த காலத்தில், நல்ல சட்டை போட்ட ஒருவன் வந்து பழகினானாம். தினமும் சாப்பாடு வாங்கிக் கொடுத்தானாம். ஒரு வாரம் பிரியாணி. அதன்பிறகு உடம்புக்கு டெஸ்ட் எடுக்க வேண்டும் என்று கூட்டிப்போனான். கண் விழித்தபோது இடுப்பில் தையல்.

"மொதல்ல சோறு போடுவாங்கடா. அதான் அவுங்க ஊசி" என்றார்.

அவர் சொன்னதெல்லாம் நடந்ததுதானா என்று எனக்கு இன்றுவரை உறுதியில்லை. வேறொருவரிடம் அதே தழும்பைக் கத்திக்குத்து என்று சொன்னதைக் கேட்டிருக்கிறேன். ஆனால் பயம் பொய்யில்லை. நான் வாங்கிவரும் பன்னையும் டீயையும் தவிர எதையும் தொட மாட்டார். அதையும் நான் ஒரு கடி கடித்த பிறகுதான் வாங்குவார். ஆள் நாளுக்கு நாள் வற்றிக்கொண்டு வந்தார். ஜுரம் வர ஆரம்பித்தது. சோறு உள்ளே போகாமல் இந்தக் கால் ஆறாது என்று எனக்கே தெரிந்தது. கால் போனால் வண்டி இல்லை. வண்டி இல்லாமல் அவருக்கு வேறு எதுவும் தெரியாது.

சர்ச் சோற்றைத் துண்டில் முடிந்து கொண்டுபோகப் பார்த்தேன். கேட்டில் மீசைக்காரர் பிடித்துவிட்டார்.

"அவிழு."

"சார், ஒருத்தருக்குக் கால்ல அடி. நடக்க முடியாது."

"எல்லாரும் இதேதான் சொல்றான். ஆளைக் கூட்டிட்டு வா, போடறோம்."

கூட்டிக்கொண்டு போனேன். அவர் சம்மதித்தது பசியால் அல்ல. "நீ வாராவாரம் துன்றியே, உன்ன இன்னா பண்றாங்கன்னு பாக்கறேன்" என்றுதான் கிளம்பினார். என் தோளில் பாதி, கொம்பில் பாதியாக நடந்தார். கொட்டகையில் உட்கார்ந்தார். இலையில் சோறு விழுந்தது. தொடவில்லை. பரிமாறுகிறவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். வாளி ஏந்திய பெண்கள், அப்பளம் வைத்த பையன், கரண்டியோடு டீச்சரம்மா, கேட்டருகே மீசைக்காரர். எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, கொட்டகை முழுவதும் கேட்கிற மாதிரி கேட்டார்:

"இன்னாம்மா, நீங்க யாரும் துன்னலியா?"

டீச்சரம்மா சிரித்தார். "நாங்க வீட்டுல போய்ச் சாப்பிடுவோம். நீங்க சாப்பிடுங்க."

"அது இன்னா வூட்டுல போயி? இங்கதான் அண்டா நெறைய கீதே."

"இது உங்களுக்கு உள்ளது. நாங்க தொடக் கூடாது."

"ருசி பாக்கவும் மாட்டீங்களா?"

"நாக்குல ஒரு சொட்டு வைக்க மாட்டோம். காணிக்கை அரிசிய்யா."

உப்பு ஏன் வாராவாரம் ஏறி இறங்குகிறது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஆனால் கொட்டகையில் இருந்த மற்றவர்களுக்கு வேறு ஏதோ விளங்கிவிட்டது. கைகள் நின்றன.

அண்ணன் விடவில்லை. "தர்காவுல கஞ்சி ஊத்தறவன் அவனும் குடிக்கிறான். கோயில்ல பொங்கல் குடுக்கறவன் வாயில பொங்கல் கீது. உலகத்துல சோறு போடறவன் எல்லாம் துன்றான். நீங்க மட்டும் ஏன் துன்ல?"

குப்பை பொறுக்குகிறவர் இலையை மடித்துவிட்டு எழுந்தார். அவரைப் பார்த்து இன்னொருவர். வரிசை கலைந்தது. மீசைக்காரர் விரைந்து வந்தார்.

"யார்யா உன்ன அனுப்புனது? எந்தக் கட்சி நீ?"

"எந்தக் கட்சியும் இல்ல சார். ஒரு வாய் துன்னு காட்டு. நான் துன்றேன்."

மீசைக்காரர் முகம் சிவந்தது. அவர் சாப்பிடவில்லை. அண்ணனும் சாப்பிடவில்லை. என்னைத் தவிர அநேகமாக யாருமே சாப்பிடவில்லை.

அடுத்த சனிக்கிழமை கொட்டகையில் பாதிக்கு மேல் காலி. சபைக்காரர்கள் தனியாக நின்று பேசிக்கொண்டார்கள். யாரோ வேண்டுமென்றே கிளப்பிவிட்டிருக்கிறார்கள், கொஞ்ச நாளைக்கு நிறுத்தி வைக்கலாம் என்று மீசைக்காரர் சொல்வது கேட்டது. நான் அண்டா கழுவிக்கொண்டிருந்தேன். டீச்சரம்மா என் பக்கத்தில் வந்து நின்றார்.

"உண்மையச் சொல்லு. அது மூட்டை விழுந்த காலா, குடிச்சிட்டு விழுந்த காலா?"

"மூட்டை விழுந்ததும்மா. நான்தான் பக்கத்துல நின்னேன்."

தழும்பைப் பற்றியும் சொன்னேன். அது பொய்யாக இருக்கலாம் என்பதையும் சொன்னேன். பிரியாணியைப் பற்றிச் சொன்னபோது அவர் கையிலிருந்த கரண்டியை அண்டா விளிம்பில் வைத்தார். "நீங்க ஒரு வாய் சாப்பிட்டா போதும்மா" என்றேன். அவர் மாட்டேன் என்று தலையை ஆட்டினார். சின்ன வயதில் அந்த டப்பாவிலிருந்து ஒரே ஒரு பிடி பச்சரிசியை எடுத்து மென்றதற்காக அம்மாவிடம் சூடு வாங்கியதாகச் சொன்னார். இத்தனை வயதுக்குப் பிறகும் அவருக்கு அந்த அரிசியில் கை வைக்கப் பயமாக இருந்தது. கரண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதற்கடுத்த சனிக்கிழமை அவர் ஒரு எவர்சில்வர் தூக்கோடு வந்தார். உலை கொதித்துக்கொண்டிருந்தது. எல்லோரும் பார்க்க, தூக்கைத் திறந்து அதிலிருந்த அரிசியை அண்டாவில் கொட்டினார்.

மீசைக்காரர், "என்ன டீச்சர் இது?" என்றார்.

"என் வீட்டுல இன்னைக்கு மத்தியானம் எனக்குப் பொங்க வேண்டிய அரிசி. காணிக்கை இல்ல. இதுல என் பங்கு இப்ப கலந்துட்டுல்லா. நான் சாப்பிடலாம்."

"எந்தப் பருக்கை உங்களோடதுன்னு எப்படித் தெரியும்?"

"ஆண்டவருக்குத் தெரியும்" என்றார். மீசைக்காரர் கேட்டுக்கே திரும்பிப் போனார். அவருக்கு அது பிடிக்கவில்லை என்பது நன்றாகத் தெரிந்தது.

நான் தூணடிக்கு ஓடினேன். அண்ணன் சுருண்டு படுத்திருந்தார். கால் பக்கம் போகவே முடியாத வாடை. "அந்தம்மா இன்னிக்கி நம்மகூட உக்காந்து சாப்பிடப் போறாங்க அண்ணே" என்றேன். நம்பவில்லை. "பாக்கத்தான் வரேன். துன்ன இல்ல" என்று எழுந்தார். இந்த முறை அவரைக் கிட்டத்தட்டத் தூக்கிக்கொண்டுதான் போனேன்.

டீச்சரம்மா சேலையை ஒதுக்கிக்கொண்டு சிமெண்டுத் தரையில் அவருக்கு எதிரே உட்கார்ந்தார். இருவருக்கும் ஒரே வாளியிலிருந்து சோறு, ஒரே வாளியிலிருந்து சாம்பார். அண்ணன் அந்தக் கரண்டியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. டீச்சரம்மா கண்ணை மூடி வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துவிட்டு ஒரு கவளம் எடுத்தார். மென்றார். முகம் கோணியது.

"ஐயோ, என்ன இது, உப்பே இல்லியே! வாராவாரம் இப்படியா சாப்பிடுதீக?"

"போன மாசம் கடல் தண்ணியே கொட்டிட்டீங்க" என்று வரிசையிலிருந்து யாரோ சொன்னார்கள். எல்லோரும் சிரித்தார்கள். பரிமாறிய பெண்களும் சிரித்தார்கள். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. டீச்சரம்மா இன்னொரு கவளம் விழுங்கும்வரை காத்திருந்துவிட்டு, விரலால் அவருடைய இலையைக் காட்டினார்.

"அந்த எலைய இங்க தள்ளு. இத நீ எட்த்துக்கோ."

டீச்சரம்மாவின் இலையில் சாம்பாரில் பிசைந்து பாதி தின்ற எச்சில் சோறு. எச்சில் இலையை இன்னொருவருக்குத் தள்ளுவதும் கஷ்டம், அதைக் கேட்டு வாங்குவதும் கஷ்டம். "ஏய், மரியாதையா பேசு" என்று மீசைக்காரர் ஒரு அடி முன்னால் வந்தார். டீச்சரம்மா இடது கையைக் காட்டி அவரை நிறுத்தினார். பிறகு தன் இலையை எதிரே தள்ளினார். அண்ணனின் இலையைத் தன் பக்கம் இழுத்து, அதிலிருந்தும் ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டார்.

அண்ணன் அந்தத் தொண்டையில் கவளம் இறங்குவதைப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் சாப்பிட ஆரம்பித்தார். ஆரம்பித்த பிறகு நிறுத்தவில்லை. வாளி எத்தனை முறை வந்தது என்று யாரும் எண்ணவில்லை. ஒருவர் உப்பை ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து வைத்தார். அதை மட்டும் அண்ணன் தொட மறுத்துவிட்டார்.

கை கழுவும்போது டீச்சரம்மா பாதத்தைப் பார்த்தார். "அந்தக் கால்..." என்று தொடங்கினார். அண்ணன் உடனே கொம்பைப் பிடித்தார். டீச்சரம்மா வாயை மூடிக்கொண்டார். அந்த ஒரு இடத்தில் அவர் மூடியதுதான் நல்லதாகப் போயிற்று. அடுத்த வாரம் நான் கூப்பிடாமலே அண்ணன் கிளம்பினார். அதற்கடுத்த வாரம் அடுப்பிலிருந்து வெந்நீர் கேட்டு வாங்கி நான் புண்ணைக் கழுவினேன். டீச்சரம்மா யாரோ டாக்டரிடம் கேட்டு மாத்திரை அட்டை ஒன்றை வாங்கிவந்தார். அண்ணன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நீ மொதல்ல ஒண்ணு போட்டுக்கோ."

"எனக்கு என்ன புண்ணா வந்திருக்கு?" என்றார் டீச்சரம்மா. "நல்லா இருக்கே கத!"

அண்ணன் சிரித்தார். நான் பார்த்து அவர் சிரித்த முதல் தடவை அது. சிரித்தாலும் அந்த அட்டையை மந்தைவெளியில் மருந்துக்கடைக்காரர் ஒருவரிடமும், அவர் சொன்னது போதாமல் மயிலாப்பூர் லஸ்ஸில் இன்னொருவரிடமும் காட்டிவரும்படி என்னை அனுப்பினார். இரண்டு பேரும் ஒரே மாதிரி சொன்ன பிறகுதான் விழுங்கினார். சுண்டு விரல் மட்டும் கறுத்துச் சுருங்கியது. மற்றது ஆறியது. ஆஸ்பத்திரி வாசலை அவர் கடைசிவரை மிதிக்கவில்லை.

ஆனால் டீச்சரம்மா எதிரே உட்கார்ந்து விழுங்காமல் அவர் ஒரு நாளும் சாப்பிட்டதில்லை. புண் ஆறிக்கொண்டிருந்தபோதும் அப்படித்தான். டீச்சரம்மாவும் வாராவாரம் தூக்கில் தன் அரிசியைக் கொண்டுவந்து கொட்டினார். சபையில் சிலர் அதைப் பற்றி முணுமுணுத்தார்கள் என்று கேள்வி.

மழைக்காலம் தொடங்கிய ஒரு சனிக்கிழமை டீச்சரம்மா வரவில்லை. ஜுரம் என்றார்கள். இலை போட்டு, ஜெபம் முடிந்து, சோறு விழுந்து, எல்லோரும் சாப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். அண்ணன் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் என் இலையிலிருந்து ஒரு வாய் அள்ளிக் காட்டினேன்.

"நீ அவுங்க ஆளு இல்லடா. நீ துன்னா இன்னா, துன்னாட்டி இன்னா?" என்றார்.

மீசைக்காரர் கேட்டருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே வந்து சமையல் பக்கம் போனார். ஒரு பெண்ணிடம் வீட்டு அரிசி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். அவள் தன் வீட்டு டிபன் டப்பாவைத் திறந்து காட்டினாள். வேண்டாம் என்று கையசைத்தார். டிரம் பக்கம் பார்த்தார். அதையும் விட்டார். கையில் தூக்கு இல்லை, பங்கு அரிசி எதுவும் இல்லை. மீசையை ஒரு முறை துடைத்துக்கொண்டு, முழங்காலைப் பிடித்தபடி மெதுவாக அண்ணனுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"போடும்மா" என்றார்.

பரிமாறுகிற பெண் தயங்கினாள். அவர் அவளைப் பார்க்கவில்லை, அண்ணனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இலையில் சோறு விழுந்தது. பிசைந்தார். அண்ணன் கொஞ்சம் முன்னால் குனிந்து அவருடைய வாயையே பார்த்தார். மீசைக்காரர் ஒரு கவளம் விழுங்கினார். அண்ணன் நகரவில்லை. இன்னொரு கவளம். பிறகு அண்ணன் கையை இலைக்குக் கொண்டுபோனார். இருவரும் ஒருவர்மேல் ஒருவர் வைத்த கண்ணை எடுக்காமல், இலை காலியாகும்வரை சாப்பிட்டார்கள்.